திருவண்ணாமலையிலிருந்து ஒரே நாளில் கடற்கரை: பீச்சை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்!

திருவண்ணாமலையில் இருப்பவர்களிடம் வீக் எண்ட் ட்ரிப் என்று சொன்னால் முதலில் வருவது ஜவ்வாது மலை, சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை. கடல் என்றால் "அது ரொம்ப தூரமாச்சே" என்பார்கள். உண்மையில் வங்கக் கடல் அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தூரம்தான். அதிகாலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குள் கடலோரத்தில் இருக்கலாம்.

அப்படிப் போகிறவர்களும் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். நேராகப் புதுச்சேரி, ராக் பீச்சில் நாலு போட்டோ, ஒரு காபி, ரிட்டர்ன். அந்தப் பயணத்தில் கடல் கண்ணில் படுகிறது, கடற்கரை படுவதில்லை. கடற்கரை என்பது மணலும் அலையும் மட்டும் இல்லை. ஆற்று நீர் வந்து தேங்கும் உவர் ஏரி, உப்பு விளையும் பாத்தி, நதி கடலோடு கலக்கும் முகத்துவாரம், கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் எல்லாம் சேர்ந்ததுதான் கடற்கரை. இவை அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு பாதை இருக்கிறது. எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், அந்தக் காட்சிகள் எப்படி உருவாயின, எவ்வளவு காலம் தாங்கும்? பார்ப்போம்.

ரூட் என்ன?

திருவண்ணாமலை – செஞ்சி – திண்டிவனம் – மரக்காணம் – கிழக்கு கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி – திருவக்கரை – மயிலம் – செஞ்சி – திருவண்ணாமலை. ஒரு வட்டம் மாதிரி. மொத்தம் 230 முதல் 250 கி.மீ. வரை வரும். கார், பைக் இரண்டும் ஓகே.

பஸ்ஸில் போகிறவர்கள் திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணத்துக்கு மாறலாம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு இ.சி.ஆரில் பஸ் கிடைக்கும். ஆனால், ஏரிக்கரைக்கும் உப்பளத்துக்கும் உள்ளே போக சொந்த வண்டியோ ஆட்டோவோ தேவைப்படும்.

எப்போது போவது? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் இருக்கும், வெளிநாட்டுப் பறவைகளும் வந்திருக்கும், வெயிலும் பரவாயில்லை. ஒரே ஒரு கண்டிஷன்: பௌர்ணமி நாளில் இந்த ட்ரிப்பைப் போடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் திரும்பி வருவதே பெரிய வேலையாகிவிடும்.

மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது?

கிளம்பும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால், வழியில் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

திருவண்ணாமலை பகுதியில் பெய்யும் மழையில் ஒரு பகுதி துரிஞ்சலாற்றில் சேர்கிறது. துரிஞ்சலாறு திருக்கோவிலூர் பகுதியில் தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணை கடலூர் அருகே வங்கக் கடலைத் தொடுகிறது. இதே தென்பெண்ணையில்தான் சாத்தனூர் அணை இருக்கிறது. தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்குப் போய் தீர்த்தவாரி காண்பதும் இதே ஆற்றில்தான்.

செஞ்சியைத் தாண்டும்போது அடுத்த ஆற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறீர்கள். செஞ்சி மலைப் பகுதியில் தொடங்கும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி பக்கம் கடலில் கலக்கிறது. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் இதைச் சொல்வார்கள்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே போனால் கதை மாறுகிறது. இங்கே பெரிய ஆறு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள்தான். ஒரு ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் கடலோரத்தில் இருக்கும் ஒரு பெரிய தாழ்நிலம். அதன் பெயர்தான் கழுவெளி.

100 கி.மீ. பயணத்தில் மூன்று நீர்ப்பாதைகள். மூன்றுமே முடிவது ஒரே கடலில்.

காலை 6.45: கழுவெளி

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்துக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கிறது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்கிறார்கள். ஆழம் குறைவு, அகலம் அதிகம். மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர், கோடையில் பல இடங்களில் வெடித்த சேறு.

இதை ஏரி என்று சொல்வதே பாதி உண்மைதான். ஒருபுறம் ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் நன்னீர்ப் பகுதி. நடுவில் உப்புக்கழி எனும் குறுகிய ஓடை. மறுபுறம் எடையன்திட்டு கழிமுகம், அதையொட்டிக் கடல். மழை அதிகமானால் நன்னீர் கடலை நோக்கித் தள்ளும். மழை நின்றதும் கடல் நீர் ஓடை வழியாக உள்ளே ஏறும். நன்னீரும் உப்புநீரும் ஆண்டு முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அதனால்தான் இங்கே இவ்வளவு பறவைகள். நன்னீர்ப் பக்கம் சம்பங்கோரைப் புதர்களில் நீர்க்கோழியும் நாமக்கோழியும் மறைந்து திரியும். உவர்ச்சேற்றில் புழுவும் சிறு இறாலும் தேடி உள்ளான்கள், கருவால் மூக்கன்கள், வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான்கள் வரும். ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கும்.

பூநாரையைப் பார்த்தால் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சாப்பிடுவதைக் கவனியுங்கள். தண்ணீரை அலகுக்குள் இழுத்து வடிகட்டி, நுண்பாசியையும் குட்டி இறால்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெளியேற்றுகிறது. அந்த உணவில் இருக்கும் நிறமிதான் அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு தருகிறது. தண்ணீரின் ஆழமோ உப்பின் அளவோ மாறினால் இரை குறையும். இரை குறைந்தால் பூநாரை வேறு ஊர் பார்க்கும்.

வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் குளிர்காலம் தொடங்கும்போது லட்சக்கணக்கான நீர்ப்பறவைகள் தெற்கே வருகின்றன. மத்திய ஆசியப் பறவைப்பாதை என்று அதற்குப் பெயர். கழுவெளி அந்தப் பாதையில் ஒரு தங்குமிடம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை மாதிரி, பறவைகளுக்கு இது. நடுவில் ஒன்று மூடினால் அடுத்தது வரை பசியோடு பறக்க வேண்டும்.

அந்தஸ்து கிடைத்துவிட்டது. பிறகு?

கழுவெளியில் 5,151.6 ஹெக்டேர் பரப்பை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாநிலத்தின் 16-வது பறவைகள் சரணாலயம் இது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் தளம் என்ற சர்வதேச அந்தஸ்தும் கிடைத்தது. அதே நேரத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளமும் பட்டியலில் சேர்ந்தது.

ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். சதுப்பு நிலங்களைப் பாதுகாப்பதற்கான உலக ஒப்பந்தம் 1971-ல் அங்கே கையெழுத்தானது. பட்டியலில் ஓர் இடம் சேர்ந்தால், அதன் இயற்கைத் தன்மை மாறாமல் பார்த்துக்கொள்வதாக அந்த நாடு உறுதி தருகிறது என்று அர்த்தம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சார் தளங்கள் 20 ஆனது. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை.

ஆனால், போர்டு வைத்ததும் ஏரி நிரம்பிவிடாது. கழுவெளியின் பிரச்சினைகள் பழையவை. ஓரங்களில் ஆக்கிரமிப்பு, இறால் பண்ணைகள், பறவை வேட்டை, சீமைக் கருவேலம். ஒரு காலத்தில் கழிமுகத்தை ஒட்டி அடர்த்தியாக இருந்த கண்டல் மரங்களில் இன்று மிஞ்சியிருப்பவை சில திட்டுகள்தான்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஏரியில் இல்லை, மேலே இருக்கிறது. மேலே உள்ள ஏரிகள் தூர்ந்தால், வரத்துக் கால்வாய்கள் மறைந்தால், கழுவெளிக்கு வரும் நன்னீர் குறையும். நிலத்தடி நீரை போர்வெல்கள் அளவுக்கு மீறி இறைத்தால் அந்த வெற்றிடத்தைக் கடல் நிரப்பும். அப்போது கிணற்றில் உப்பு ஏறும், வயல் கெடும். பறவைகளின் பிரச்சினையும் விவசாயிகளின் பிரச்சினையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

2023-24 மாநில பட்ஜெட்டில் மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அறிவிக்கப்பட்டது. மையம் மக்களை அழைத்து வரும். பறவையை அழைத்து வருவது தண்ணீர்தான்.

காலை 9.30: உப்பு எப்படி விளைகிறது?

மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் திடீரென்று கட்டம் கட்டமாக நிலம். சில கட்டங்களில் வானம் தெரியும் தண்ணீர், சிலவற்றில் வெள்ளைக் குவியல்கள். ரீல்ஸ் எடுக்க வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. பின்னணி தெரிந்து பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கடல் நீர் 1 லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சூரிய வெப்பத்தில் அந்த நீரில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். அதனால் ஒரே பாத்தியில் வேலை முடியாது. உவர்நீரை முதலில் ஒரு பெரிய தேக்கத்தில் நிறுத்துவார்கள். அங்கே செறிவு ஏறியதும் அடுத்த பாத்தி, பிறகு அதற்கடுத்தது. வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னதாகவே படிந்துவிடும். கடைசிப் பாத்தியில்தான் வெள்ளைப் படிகம்.

அதோடு முடியவில்லை. உப்பு படிந்த பிறகு மிஞ்சும் நீரைச் சரியான நேரத்தில் வெளியேற்ற வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். எந்தப் பாத்தியை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அனுபவம் சொல்லும் கணக்கு.

படிந்த உப்பை நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் வாரி, வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் அதிகமானால்தான் விளைச்சல் அதிகம். அதாவது, மற்றவர்கள் நிழல் தேடும் நேரம்தான் இவர்களுக்கு சீசன். கீழே உவர்நீர், மேலே வெயில், எதிரே கண் கூசும் வெள்ளை. காலில் புண்ணும் கண்ணில் எரிச்சலும் இந்தத் தொழிலோடு கூடவே வருபவை.

மழை வந்தால் உற்பத்தி நின்றுவிடும், வருமானமும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு மழைக்குப் பிந்தைய மாதங்கள் அழகு. உப்பளத்துக்காரர்களுக்கு அது பாத்தியைத் திரும்பச் சீர் செய்து, முதலிலிருந்து தொடங்கும் காலம்.

போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை: வரப்பு மேல் நடங்கள், பாத்திக்குள் இறங்காதீர்கள். மிதித்துக் கெட்டிப்படுத்திய தரையில் ஒரு ஷூ தடம் விழுந்தால் உப்பில் மண் கலக்கும். வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் "எடுக்கலாமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உப்பளம் வெறும் பொட்டல் நிலம் இல்லை என்பதற்கு அங்கே ஓடித் திரியும் சின்னப் பறவையே சாட்சி. பாத்தி ஓரம் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று கொத்தும். பெயரே உப்புக்கொத்தி.

காலை 11 மணி: ஆறு முடிகிற இடம்

மரக்காணத்திலிருந்து வடக்கே இ.சி.ஆரில் சில கி.மீ. போனால் எடையன்திட்டு கழிமுகம். இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம், அந்தப் பக்கம் செங்கல்பட்டு மாவட்டம். அக்கரையில், கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. முகலாயர் காலத்தில் கட்டப்பட்ட இந்தத் துறைமுகக் கோட்டை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். கோட்டை மேட்டில் நின்றால் கழியும், நடுவில் மணல் திட்டும், அதற்கப்பால் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

இங்கே பார்க்க வேண்டியது முகத்துவாரம். மழை இல்லாத மாதங்களில் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயில் திட்டு போடுகின்றன. சில சமயம் வாய் குறுகிவிடும். பெருமழையில் கழுவெளி நிரம்பித் தள்ளும்போது அந்த வெள்ளமே மணலை உடைத்து வாயைத் திறக்கும். திறந்திருந்தால்தான் மீனும் இறாலும் வளர உள்ளே வர முடியும், படகுகள் கடலுக்குப் போக முடியும்.

இந்தக் கழிமுகத்தில் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பாதுகாப்பான படகுத்துறை என்பது மீனவர்களின் நியாயமான தேவை. கல் சுவர் போட்டால் மணலின் ஓட்டம் மாறி, அக்கம்பக்கத்துக் குப்பங்களைக் கடல் அரிக்கும் என்பது எதிர்த்தரப்பின் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் அடுத்த ஸ்டாப்பில் இருக்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரையில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமை. இரவில் கரையேறி மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் சுமார் 45 முதல் 60 நாட்களில் வெளிவரும். கடற்பரப்பின் மெல்லிய வெளிச்சத்தை வைத்துத்தான் அவை கடலைக் கண்டுபிடிக்கின்றன. கரையில் பளிச்சென்று விளக்கு எரிந்தால் வழி மாறி ஊருக்குள் போய்ச் செத்துவிடும். இரவில் பீச்சில் மொபைல் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம் என்று வனத்துறை சொல்வது இதற்காகத்தான்.

மதியம் 1.30: புதுச்சேரி, காணாமல் போன மணல்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கி.மீ. சாலையோரம் பனையும் சவுக்கும். சீசனாக இருந்தால் தர்பூசணிக் குவியல்களும் நுங்கும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ மீன் குழம்புச் சாப்பாடு. வெயில் தணிய ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போகலாம்.

ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்கே கேட்கும் கேள்வி, "பீச்னு சொன்னீங்க, கல்லு மட்டும்தான் இருக்கு?" என்பதுதான். வயதான புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் அங்கே விளையாடும் அளவுக்கு அகலமாக மணல் இருந்த காலத்தைச் சொல்வார்கள். அந்த மணல் எங்கே போனது?

மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் திசை திரும்பும். ஆனால், மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே போகிறது. ஒரு கடற்கரையிலிருந்து போகும் மணலுக்கு ஈடாகத் தெற்கேயிருந்து மணல் வந்துகொண்டே இருந்தால் கரை அப்படியே இருக்கும்.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கேயிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. கரை கரைந்தது. ஊரைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். கல் இருக்கும் இடம் தப்பித்தது, அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. அங்கேயும் கல், தூண்டில் வளைவு. பிறகு அதற்கு வடக்கே. தமிழகப் பகுதியில் பொம்மையார்பாளையம் வரை மீனவர்கள் வலை காயவைக்கவும் படகு நிறுத்தவும் இடம் இல்லாமல் போன கதை இதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-19 வாக்கில் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து, மணல் மெல்லப் படிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே மறுபடி மணலில் கால் வைக்க முடிந்தது. இன்று மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடும் அந்தச் சின்ன மணல்பரப்பு அப்படி மீண்டு வந்ததுதான்.

அதே நேரம், நகரத்தில் மீண்ட ஒரு துண்டுக் கரையை வைத்து வடக்கே உள்ள குப்பங்களின் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அங்கே கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

மாலை 4 மணி: ஆறு அடித்து வந்த மரம்

ஊர் திரும்பும் வழியில் கடைசி ஸ்டாப், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்காகப் பலரும் அறிந்த ஊர். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

தரையில் கிடப்பவை பார்க்க வெட்டிப்போட்ட மரத்துண்டுகள் மாதிரியே இருக்கும். ஆண்டு வளையம், கணு எல்லாம் தெரியும். தொட்டால் கல். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். 1781-லேயே சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மரம் எப்படிக் கல்லானது? பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலுக்கடியில் காற்றில்லாமல் புதைந்தன. அழுகுவதற்குப் பதிலாக, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. மரம் போனது, அதன் அச்சு கல்லாக நின்றது. வேரோ கிளையோ இலையோ இங்கே கிடைப்பதில்லை. அதனால்தான் இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் கொண்டுவந்தவை என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள்.

உள்நாட்டிலிருந்து நீர் எதையாவது கடலோரத்துக்குச் சுமந்து வருவது இந்த மண்ணில் புதிதல்ல என்பதற்கு இது ஆதாரம். நினைவாக ஒரு சின்னக் கல்லையாவது எடுத்துப்போகலாமே என்று தோன்றும். வேண்டாம், அது குற்றம்.

அங்கிருந்து மயிலம், செஞ்சி வழியாக ஏழரை மணிக்குள் திருவண்ணாமலை.

இதெல்லாம் திருவண்ணாமலைக்கு ஏன் முக்கியம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை. ஆனால், அந்தப் புயலின் பெரிய அடி கடற்கரையோடு நிற்கவில்லை. டிசம்பர் 1 மாலை, கடலிலிருந்து 100 கி.மீ. உள்ளே, திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து வீடு புதைந்தது. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள்.

அதே இரவில் சாத்தனூர் அணைக்கு வெள்ளம் குவிந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர விழுப்புரம், கடலூர் கிராமங்கள் மூழ்கின. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது. கடலில் உருவான புயல் மலையை உடைத்தது, மலையில் பெய்த மழை கடலோரத்தை மூழ்கடித்தது. எல்லாம் மூன்றே நாட்களில்.

வெள்ளம் வரும்போது அகலமாக விரிந்து நிற்க இடம் வேண்டும். ஏரியும் சதுப்பு நிலமும் கழிமுகமும் அந்த இடம்தான். கழுவெளி போன்ற தாழ்நிலங்கள் மழை நீரை வாங்கி வைத்து, மெதுவாகக் கடலுக்கு விடுகின்றன. அவற்றை மூடிவிட்டால் தண்ணீர் வேறு இடம் தேடும். அந்த வேறு இடம் பெரும்பாலும் யாருடைய வீடோ வயலோதான்.

இதைச் சரிசெய்ய முடியாது என்றும் இல்லை. கழுவெளிக்குத் தெற்கே ஆரோவில் இருக்கும் செம்மண் மேட்டுநிலம் 1968-ல் கிட்டத்தட்ட மொட்டையாக இருந்தது. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடும். அங்கே வரப்பு கட்டி, மரம் நட்டு, பெய்த மழையை அங்கேயே இறக்கினார்கள். இன்று அது காடு. ஒரு கால்வாயைத் தூர் வாருவதும் ஓர் ஏரியின் வரத்தை மீட்பதும் இதே வகை வேலைகள்தான். திருவண்ணாமலையின் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் இது பொருந்தும்.

போகும் முன் கவனிக்க:

• குளிப்பதற்கு முகத்துவாரம் வேண்டவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு அதிகம். அலை உடையாமல் ஒரு பாதை மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அங்கேதான் இழுவை நீரோட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

• அந்த ஊர் மீனவர்கள் "இன்னைக்கு இறங்காதீங்க" என்றால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

• பறவைகளுக்கு அருகில் போக முயலாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் அதற்கு வனத்துறை அனுமதி தேவை. ஒரு சாதாரண பைனாகுலர் போதும்.

• உச்சி வெயிலுக்குத் தொப்பி, கூலிங் கிளாஸ், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஏரிக்கரையில் கடை கிடையாது. கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

• புயல், கனமழை எச்சரிக்கை இருந்தால் ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்கள். கழிமுகத்திலும் ஆற்றங்கரையிலும் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

• ஆட்டோ, டீ, இளநீர், கருவாடு, மீன் எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்களிடமே வாங்குங்கள். கழியும் ஏரியும் இருந்தால் தங்களுக்கும் வருமானம் என்ற நிலை வந்தால், அதை முதலில் காப்பாற்றுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

டிசம்பரில் போனவர்கள் முடிந்தால் அதே இடத்துக்கு மே மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கழுவெளியில் தண்ணீர் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று தெரியும். அந்த ஆண்டு மேலே இருக்கும் ஏரிகள் எப்படி இருந்தன என்பதற்கு அதைவிடச் சரியான கணக்கு கிடைக்காது.